ஜூரா மலையடியில் வெந்தய மணம்: மஞ்சள் ஒயினும் கோந்தே சீஸும்

வைகைக்கரை

ஆர்புவா ஊரில் ஒரு நிலவறை. வெளியே தூறல், உள்ளே ஈரக் கல்லின் வாடை. வயதான ஒயின்காரர் கிண்ணத்தின் அடியில் இரண்டு விரற்கடை அளவு ஊற்றிக் கொடுத்தார். மூக்கருகே கொண்டுபோனதும் என் வாயில் வந்த சொல் "வெந்தயம்". மனைவி வாங்கி முகர்ந்துவிட்டு, "வறுத்த வெந்தயம்" என்று திருத்தினாள். என்ன பேசிக்கொள்கிறோம் என்று பெரியவர் கேட்டார். கைப்பேசியில் பிரெஞ்சுச் சொல்லைத் தேடிக் காட்டினோம். "இங்கே வருகிறவர்கள் வால்நட் என்பார்கள், கறிப்பொடி என்பார்கள். நீங்கள் நேராக விதைக்கே போய்விட்டீர்கள்" என்று சொல்லி இன்னும் கொஞ்சம் ஊற்றினார்.

நாங்கள் இருப்பது ஜெர்மனியில். அக்டோபரில் ஐந்து நாள் பிரான்சின் ஜூரா பகுதிக்குப் போய்வந்தோம். பர்கண்டிக்கும் சுவிட்சர்லாந்து எல்லைக்கும் நடுவில் இருக்கும் மலையடி நிலம் அது. திராட்சைக் கொள்ளைநோயான பைலாக்சரா வருவதற்கு முன், 19ஆம் நூற்றாண்டில், அங்கே ஏறத்தாழ 20,000 ஹெக்டேரில் திராட்சை இருந்தது. இன்று 2,000 ஹெக்டேர்தான். மிஞ்சிய அந்தப் பத்தில் ஒரு பங்கில்தான் வேறெங்கும் கிடைக்காத இந்த ஒயினைச் செய்கிறார்கள்.

பெயர் வான் ஜோன். மஞ்சள் ஒயின் என்று பொருள். சவாஞான் என்ற ஒரே வகை வெள்ளைத் திராட்சையில் செய்வது. பீப்பாயில் உள்ள ஒயின் ஆவியாகிக் குறையும்போது மற்ற ஊர்களில் மேலே ஊற்றி நிரப்புவார்கள். இங்கே நிரப்புவதில்லை. குறைந்த இடத்தில் காற்று நுழைகிறது, ஒயினின் மேல் ஈஸ்ட் ஆடை படிகிறது. காய்ச்சிய பால் ஆறும்போது ஏடு படியுமே, ஏறக்குறைய அந்தத் தோற்றம். அறுவடைக்குப் பிந்தைய ஆறாவது ஆண்டின் டிசம்பர் 15 வரை அப்படியே விட வேண்டும். ஒரு லிட்டர் ஊற்றினால் கடைசியில் 62 சென்டிலிட்டர் மிஞ்சும் என்பது ஊர்க்கணக்கு. அதனால் கிளாவலான் என்ற அந்தக் குட்டைக்கழுத்துப் பாட்டிலும் 62 சென்டிலிட்டர்தான் பிடிக்கும். ஆடை சரியாகப் படியாத பீப்பாய் காடியாகிப் போவதும் உண்டு. பெரியவர் தன் பீப்பாய்கள் மேல் சுண்ணக்கட்டியால் எழுதியிருந்த எண்களைக் காட்டி, எவையெவை தன்னைத் தூங்கவிடாதவை என்று சொன்னார்.

சுவைத்துப் பார்க்கும் வரிசையும் தலைகீழ். முதலில் சிவப்பு, பிறகு வெள்ளை, கடைசியில் மஞ்சள். பூல்சார் என்ற அந்த ஊர்ச் சிவப்பு மிக மெலிந்த நிறம், கண்ணாடிக்கு அப்பால் விரலைப் பார்க்கலாம். அதை மஞ்சளுக்குப் பிறகு குடித்தால் தண்ணீராகத்தான் தெரியும்.

மறுநாள் காலை ஒரு ஃப்ருத்தியேருக்குப் போனோம். ஊர் விவசாயிகள் பாலைச் சேர்த்துச் சீஸ் செய்யும் கூட்டுறவுக்கு அந்தப் பெயர். 13ஆம் நூற்றாண்டிலிருந்தே இந்த முறை இருக்கிறது, காரணமும் நேரடியானது. ஒரு கோந்தே வட்டு 40 கிலோ. அதற்கு 400 லிட்டர் பால் வேண்டும். அந்தக் காலத்தில் எந்த ஒரு வீட்டிலும் அவ்வளவு மாடு கிடையாது. நீண்ட பனிக்காலத்துக்கு உணவு வேண்டுமென்றால் ஊரே சேர்ந்துதான் உறைய வைக்க வேண்டும்.

பெரிய செப்புக் கொப்பரையில் தயிர்க்கட்டியைக் குருணை அளவுக்கு வெட்டி, 50 டிகிரிக்கு மேல் சூடேற்றிக் கிளறிக்கொண்டிருந்தார்கள். சீஸ் செய்பவர் முழங்கை வரை கையை விட்டு ஒரு பிடி அள்ளினார். இறுக்கிப் பிடித்தார், விரலைத் திறந்தார், கட்டைவிரலால் தேய்த்தார். குருணை ஒட்டிக்கொண்டு நின்றது, தேய்த்ததும் பிரிந்தது. தலையசைத்தார். அந்த ஒரு அசைவுக்குப் பிறகுதான் கொப்பரை காலியாகத் தொடங்கியது. சுவரில் வெப்பமானி எல்லாம் இருக்கிறது. ஆனாலும் தீர்ப்பு கையில்தான்.

அன்று மதியம் 18 மாதம் முதிர்ந்த கோந்தே, நான்கைந்து வால்நட், மஞ்சள் ஒயின். இந்த மூன்றையும் தனித்தனியாக ஜெர்மனிக்குக் கொண்டுவந்து சாப்பிட்டுப் பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் புல்லையும் அந்த மாட்டையும் அந்த நிலவறையையும் பார்த்த கண்ணோடு சாப்பிட்டது வேறு. ஐரோப்பாவில் இப்படி ஊரைத் தேடிப்போய் அந்த ஊர்ச் சாப்பாட்டைச் சாப்பிட்டவர்கள் எழுதுங்கள். ஜூரா போனவர்கள் இருந்தால் மிகவும் மகிழ்வேன்.

உயிர்வேதி

வெந்தயம் என்று நீங்கள் இருவரும் சொன்னது உவமை அல்ல, வேதியியல் உண்மை. வெந்தயத்தின் மணத்துக்குக் காரணமான சேர்மத்தின் பெயர் சோட்டோலோன். மஞ்சள் ஒயினின் மணத்துக்கும் அதுவே முக்கியக் காரணம். ஈஸ்ட் ஆடை ஒயினில் உள்ள ஆல்கஹாலில் ஒரு பகுதியை அசிட்டால்டிஹைடாக மாற்றுகிறது. அதிலிருந்து பல ஆண்டுகளில் மெல்ல மெல்ல சோட்டோலோன் உருவாகிறது. லிட்டருக்கு நூறு மைக்ரோகிராமுக்கும் குறைவாக இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். மேப்பிள் பாகிலும் இதே வாசனை உண்டு.

பிரெஞ்சுக்காரர்கள் கறிப்பொடி என்று சொல்வதும் இதனால்தான். அவர்களுக்குக் கடையில் கிடைக்கும் பொடியில் வெந்தயம் தூக்கலாக இருக்கும். நமக்கு அஞ்சறைப் பெட்டியில் வெந்தயம் தனி அறையில் இருப்பதால் நாம் நேராக அதைச் சொல்லிவிடுகிறோம்.

இன்னொன்று. ஆர்புவா லூயி பாஸ்தர் வளர்ந்த ஊர். 1822இல் பக்கத்துத் தோல் நகரில் பிறந்தவர். ஒயின் ஏன் கெட்டுப்போகிறது என்று ஆராயும்படி 1863இல் மூன்றாம் நெப்போலியன் கேட்டபோது, ஆய்வுக்கு அவர் வந்து அமர்ந்தது இந்த ஊரில்தான். மிதமாகச் சூடேற்றிக் கிருமியை அடக்கும் முறை அங்கே உருப்பெற்றது. இன்று அதே ஊரைச் சுற்றிச் செய்யும் கோந்தேவுக்குப் பாஸ்தர் முறையில் காய்ச்சிய பாலைப் பயன்படுத்தக் கூடாது, பச்சைப் பால்தான். உறை ஊற்றுவதற்கு முன் 40 டிகிரிக்கு மேல் சூடேற்றவும் கூடாது. பாலில் இயல்பாக இருக்கும் நுண்ணுயிர்கள் ஊருக்கு ஊர் மாறுவதால்தான் ஒவ்வொரு ஃப்ருத்தியேரின் சீஸும் வேறு சுவை. கிருமியில் நல்லதும் உண்டு என்று காட்டியவர் ஊரில் இது பொருத்தம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

சைவத்தட்டு

அண்ணா, படிக்கும்போதே அந்த இடத்தில் நிற்பதுபோல இருந்தது. நான் சைவம். முட்டையும் இல்லை, மதுவும் இல்லை. கணவர் எல்லாம் சாப்பிடுவார். பிப்ரவரியில் ஜெனீவாவுக்கு அவர் வேலையாகப் போகிறோம், ஜூரா பக்கம்தானே. நான் வந்தால் பட்டினிதானா? கோந்தே சைவமா? சீஸ் என்றால் பால்தானே என்று இத்தனை நாள் நம்பிக்கொண்டிருந்தேன். போன வாரம் ஒரு தோழி வேறு மாதிரி சொன்னாள்.

வைகைக்கரை

தங்கை, உங்கள் தோழி சொன்னது சரி. கோந்தே செய்யப் பாலை உறைய வைப்பது கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட். இத்தாலியின் பார்மிஜானோவும் அப்படித்தான். விதியே அப்படி, மாற்று கிடையாது. எங்களுடன் ஃப்ருத்தியேருக்கு வந்த ஒரு குஜராத்தித் தம்பதியிடம் இதை யாருமே முன்கூட்டிச் சொல்லவில்லை. ருசி பார்த்த பிறகு சுவரில் இருந்த விளக்கப் படத்தில் தெரிந்துகொண்டார்கள். அந்த அம்மாவின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. சுற்றுலாவுக்கு ஏற்பாடு செய்தவர்கள் இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். அதனால்தான் உங்களிடம் ஒளிவுமறைவில்லாமல் எழுதுகிறேன்.

ஆனால் பட்டினி இல்லை. நல்ல ரொட்டி, வால்நட், உருளைக்கிழங்கு, காளான் எல்லாம் உண்டு. காளான் குழம்பு கேட்டால் கோழிச்சாறு சேர்க்கிறார்களா என்று கேட்டுவிடுங்கள்.

குசினிக்காரன்

வணக்கம். நான் யாழ்ப்பாணம், பாரிஸில் 19 வருடமாக உணவகக் குசினிகளில் வேலை. கோப்பை கழுவுவதில் தொடங்கி இன்று சோஸ் அடுப்பில் நிற்கிறேன். என்னைப் போல எங்கள் ஆட்கள் இந்த நகரத்தின் குசினிகளில் எத்தனையோ பேர்.

மஞ்சள் ஒயினில் கோழியும் மோரெல் காளானும் நான் கணக்கில்லாத தடவை சமைத்திருக்கிறேன். ஆனால் 14 வருடம் சமைத்த பிறகுதான் ஜூராவுக்கே போனேன். மனைவியும் பிள்ளைகளும் சேர்ந்து போனோம். ஒரு சின்ன ஊர் உணவகத்தில் அந்தக் கறியை வாயில் வைத்தபோது, இத்தனை காலம் நான் ஒயினை அதிக நேரம் கொதிக்கவிட்டிருக்கிறேன் என்று விளங்கியது. வெட்கம் இல்லை, சந்தோஷம்தான். எழும்பிப் போய்ச் சமையல்காரரோடு கதைத்தேன்.

அவர் சொன்னது இது. சட்டியில் ஊற்றிக் கொதிக்க விடுவதற்கு விலை குறைந்த சவாஞான் ஒயினே போதும். மஞ்சள் ஒயினை இறக்குவதற்குச் சற்று முன் இரண்டு மூன்று மேசைக்கரண்டி மட்டும் விட வேண்டும். கோழி பக்கத்துப் பிரெஸ் நிலத்துக் கோழி என்றால் இன்னும் நல்லது. வெள்ளை இறகும் நீலக் காலும், 1957 இலிருந்து சட்டப் பாதுகாப்பு உள்ள இனம். காய்ந்த மோரெலை ஊறவைத்த தண்ணீரை வீசக் கூடாது, துணியில் வடித்துச் சோஸில் சேர்க்க வேண்டும், மணல் நிற்கும். முக்கியமானது, மோரெலைப் பச்சையாகவோ அரைவேக்காடாகவோ சாப்பிடவே கூடாது, நஞ்சு. நன்றாக வேக வேண்டும்.

சோற்றோடு சாப்பிடுங்கள். அங்கே சில இடங்களில் சோறும் வைத்துத் தருகிறார்கள். எனக்குப் பாணை (ரொட்டியை) விட அதுதான் பிடித்தது.

கேள்விக்குறி

ரசித்துப் படித்தேன். ஆனால் "பாரம்பரியம்" என்ற சொல்லை நாம் சோதிக்காமல் ஏற்கிறோமோ என்று ஒரு கவலை. அதே ஜூராவின் மொர்பியே சீஸை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு கறுப்புக் கோடு. முன்பு மாலைப் பாலின் தயிர்க்கட்டி மேல் கொப்பரையின் அடிக்கரியைத் தூவிக் காத்துவைத்து, காலையில் மறுபாதியைச் சேர்த்தார்கள். கோடு அதனால் வந்தது. இன்று ஒரே வேளைப் பாலில் செய்து, நடுவே மரக்கரித் தூளைப் பூசுகிறார்கள். காரணம் போய்விட்டது, கோடு மட்டும் இருக்கிறது. கோந்தே நிலவறைகளில் வட்டுகளைத் திருப்பி உப்பு தடவுவது இயந்திர மனிதன். இதில் எதைப் பாரம்பரியம் என்பது?

அதோடு, அங்கே ஓடும் லூ ஆற்றில் 2010 வாக்கில் மீன்கள் செத்து மிதந்தன. பால் உற்பத்தி பெருகியதும் வயலில் கொட்டும் எருவும் ஒரு காரணம் என்ற விவாதம் அந்த ஊரிலேயே இன்றும் நடக்கிறது. சுற்றுலா எழுத்தில் இவை வருவதே இல்லை.

வைகைக்கரை

லூ ஆற்றைப் பற்றி நீங்கள் எழுதியது தேவையானது. ஆற்றங்கரையில் ஒரு நாள் நடந்தோம், கண்ணாடி போன்ற தண்ணீர். அதன் நிலையை நான் யாரிடமும் விசாரிக்கவில்லை. விசாரித்திருக்க வேண்டும்.

மொர்பியே பற்றியும் ஏற்கிறேன். கோந்தே விஷயத்தில் மட்டும் உடன்பட முடியவில்லை. நிலவறையில் வட்டைத் திருப்ப இயந்திரம் உண்டு, மறுக்கவில்லை. 40 கிலோவை நாள் முழுக்கத் தூக்கிய முதுகுகள் என்ன ஆகும்? ஆனால் மாட்டிடம் பால் கறக்க இயந்திர மனிதனை வைக்கக் கூடாது என்று விதி போட்டிருக்கிறார்கள். கறவை இயந்திரம் உண்டு, ஆனால் இரண்டு வேளையும் ஆள் நிற்க வேண்டும். பால் சேகரிக்கும் வட்டம் 25 கிலோமீட்டர் விட்டத்தைத் தாண்டக் கூடாது. புளிக்கவைத்த தீவனம் கூடாது, பச்சைப்புல்லும் உலர்த்திய புல்லும்தான் முக்கிய உணவு. மோன்பெலியார்த் மாடும் பிரெஞ்சு சிம்மென்டால் மாடும் தவிர வேறு இனத்தின் பால் கூடாது. எங்கே இயந்திரத்தை அனுமதிப்பது, எங்கே நிறுத்துவது என்று உட்கார்ந்து பேசி முடிவு செய்திருக்கிறார்கள். 1958இல் புவிசார் பாதுகாப்பு கிடைத்ததிலிருந்து அந்த விதிகள் தளர்ந்ததை விட இறுகியதுதான் அதிகம். விதி இல்லாவிட்டால் பாலைப் பெரிய ஆலைக்கு ஊற்றிவிட்டு அந்தச் சின்ன ஃப்ருத்தியேர்கள் எப்போதோ பூட்டியிருக்கும்.

ஷாத்தோ ஷாலோன் என்ற குன்றின் மேல் உள்ள ஊரில் இன்னும் கடுமை. அந்த ஊர்ப் பெயரில் மஞ்சள் ஒயின் மட்டும்தான். அறுவடைக்கு முன் குழு ஒன்று தோட்டத்துக்கு வந்து திராட்சையைச் சோதிக்கும். 1980, 1984, 2001 ஆகிய ஆண்டுகளில் பழம் தரமில்லை என்று அந்த ஊர்ப் பெயரில் ஒரு பாட்டில்கூட வரவில்லை. வருமானத்தை இழந்து ஊர்ப் பெயரைக் காப்பாற்றுகிறவர்களை எனக்கு மதிக்கத் தோன்றுகிறது.

கேள்விக்குறி

கறவை விதி எனக்குத் தெரியாது. அது வலுவான பதில். நம் ஊரில் திருவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019இல் புவிசார் குறியீடு வந்தது. அங்கே பால் எந்த வட்டத்துக்குள்ளிருந்து வர வேண்டும், மாடு எதைத் தின்ன வேண்டும் என்று இந்த அளவுக்கு யோசித்தால் நன்றாக இருக்கும்.

ரயில்பித்தன்

கார் இல்லாமல் போகலாமா என்று யாராவது கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன். பாரிஸ் லியோன் நிலையத்திலிருந்து லோசான் போகும் அதிவேக ரயில்களில் சில தோல், மூஷார் நிலையங்களில் நிற்கும். மூஷாரிலிருந்து ஆர்புவாவும் சீஸுக்குப் பேர்போன பொலிஞியும் உள்ளூர் ரயிலில் அடுத்தடுத்து வரும். நிலையத்திலிருந்து ஊருக்குள் நடந்துவிடலாம். ஷாத்தோ ஷாலோனுக்கு ரயில் இல்லை.

திங்கட்கிழமை போய் இறங்காதீர்கள். நான் இறங்கினேன். பாதிக் கடை பூட்டியிருந்தது, திறந்திருந்த ஒரு இடத்தில் உறைபெட்டியிலிருந்து எடுத்துச் சூடாக்கிய தட்டை "ஊர்ச் சாப்பாடு" என்று வைத்தார்கள். மதியச் சாப்பாடு பன்னிரண்டு மணிக்குத் தொடங்கும், ஒன்றரைக்கு மேல் போனால் அடுப்பை அணைத்திருப்பார்கள்.

சலான் ஊரின் உப்பு நிலவறையை விட்டுவிடாதீர்கள். சீஸ் பேசுகிற எல்லோரும் உப்பை மறந்துவிடுகிறார்கள். பூமிக்கு அடியிலிருந்து உப்பு நீரை இறைத்து விறகில் காய்ச்சினார்கள். சுற்றுவட்டாரக் காடு தீர்ந்துபோனதும், விறகைத் தேடி உப்பு நீரையே 21 கிலோமீட்டர் மரக்குழாயில் அனுப்பினார்கள். அதற்காகக் கட்டியதுதான் ஆர்க் எ செனான் அரச உப்பாலை, 1775இல் தொடங்கி 1779இல் முடித்தது. கடலே இல்லாத மலைநாட்டில் அந்த உப்பு கிடைத்ததால்தான் அவ்வளவு பெரிய வட்டுகளைக் கெடாமல் வைக்க முடிந்தது.

புதுவரவு

விலை என்ன வரும்? மாணவன் ஒருவன் தாங்குவானா?

குசினிக்காரன்

தம்பி, மஞ்சள் ஒயின் முழுப் பாட்டில் வாங்க வேண்டாம். கிண்ணக் கணக்கில் கேளுங்கள். நல்ல பாட்டில் நாற்பது யூரோவுக்கு மேல் போகும். பழையது என்றால் எல்லையே இல்லை. 1774ஆம் ஆண்டுப் பாட்டில் ஒன்று 2018இல் லோன் லெ சோனியே ஊரில் நடந்த ஏலத்தில் 1,03,700 யூரோவுக்குப் போனது. நீங்கள் ஃப்ருத்தியேரில் 200 கிராம் கோந்தே வெட்டித் தரச் சொல்லுங்கள். ஒரு துண்டு கோடைப் பாலில் செய்தது, ஒரு துண்டு பனிக்காலப் பாலில் செய்தது என்று கேளுங்கள். பச்சைப்புல் தின்ற மாட்டின் சீஸ் மஞ்சளாக இருக்கும், உலர்த்திய புல் தின்ற மாட்டின் சீஸ் வெளிறியிருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துச் சாப்பிட்டால் பத்து யூரோவுக்குள் பெரிய பாடம்.

வாங்கிய பாட்டிலைத் திறந்தால் பயப்பட வேண்டாம், வாரக்கணக்கில் கெடாது. குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்ததும் குடிக்காதீர்கள், மணம் வராது. 15 டிகிரி அளவில் இருக்க வேண்டும்.

சைவத்தட்டு

பிப்ரவரியில் போய்வந்தோம். எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில் சாப்பாடு. ரென்னெட் பற்றி முன்பே தெரிந்ததால் சீஸ் தட்டை நான் தொடவில்லை, வருத்தமும் இல்லை. தங்கிய வீட்டின் அம்மா, என் கணக்கைக் கேட்டுக்கொண்டு, உருளைக்கிழங்கை வெண்ணெயில் வதக்கி, கிராமத்து ரொட்டியும் வால்நட் எண்ணெய் ஊற்றிய கீரையும் வைத்தார். அந்த வால்நட் எண்ணெய் அவருடைய அண்ணன் வீட்டு மரத்துக் காயில் ஆட்டியது. நம் ஊரில் செக்கில் ஆட்டிய நல்லெண்ணெயைத் திறக்கும்போது வரும் வாசனை இருக்கிறதே, அதன் அக்கா போல இருந்தது.

நிலவறைக்கு நானும் போனேன். கணவர் குடித்தார். நான் கிண்ணத்தை வாங்கி முகர்ந்தேன், அவ்வளவுதான். வைகைக்கரை அண்ணாவின் மனைவி சொன்னது சரி, வறுத்த வெந்தயமேதான். கருகுவதற்கு ஒரு நொடி முன்னால் அடுப்பை அணைப்போமே, அந்தப் பதம். ஒயின்காரர் நான் குடிக்காததைப் பார்த்து முகம் சுளிக்கவில்லை. உள்ளே கூட்டிக்கொண்டுபோய், காலியான பீப்பாய் ஒன்றின் அடைப்பை எடுத்து, "இதில் மணம் இன்னும் அதிகம்" என்று குனியச் சொன்னார்.

அண்ணியிடம் ஒரு கேள்வி. ஊர் திரும்பி வெந்தயக் குழம்பு வைத்தபோது அந்த நிலவறை வாசனை அடுப்படி முழுக்க நின்றது. உங்களுக்கும் அப்படியா?

வைகைக்கரை

கேட்டுச் சொல்கிறேன் என்று தொடங்கினேன், பக்கத்திலிருந்தே பதில் வந்துவிட்டது: "தாளிக்கும்போது ஒவ்வொரு முறையும்."